பெரம்பலூர் வெயிலில் ஒரு ஸ்வெட்டர்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். எந்த ‘ர’ எங்கே வரும் என்பதில் இன்றைக்கும் எனக்குத் தடுமாற்றம் உண்டு. கையெழுத்து அதைவிட மோசம். வலது மணிக்கட்டு உடைந்து சேர்ந்த பிறகு எழுத்தெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுகிறது. கல்லூரியில் படிக்கும் என் மகள் பிழை திருத்தித் தருவதாகச் சொன்னாள். பின்னல் பழகுகிற யாருக்காவது நான் செய்த தப்புகள் உதவும் என்றும் சொன்னாள். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் எடைமேடையில் எனக்கு வேலை. லாரி வந்து மேடையில் ஏறி நிற்கும். உள்ளே இருப்பவர் எடை பார்த்துச் சீட்டுக் கொடுப்பார். நான் தடுப்புக் கம்பியைத் தூக்கிவிடுவேன். யாரிடமும் அதிகம் பேசத் தேவையில்லை. என் கூச்சத்துக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடைக்காது. பெரம்பலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். சில வருஷங்களுக்கு முன் மழையில் வண்டி சறுக்கி விழுந்ததில் மணிக்கட்டு உடைந்தது. கட்டுப் பிரித்தபோது விரல்கள் மடங்கவில்லை. ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த பெண், “விரலுக்கு ஏதாச்சும் வேலை கொடுத்துக்கிட்டே இருங்க சார். சும்மா வெச்சிருந்தா இறுகிடும்” என்றாள். மகளின் பழைய பள்ளிக்கூடக் கைவேலைப் பையைக் கிளறினேன். இரண்டு ஸ்வெட்டர் ஊசியும் பாதி உருண்டை உல்லன் நூலும் கிடைத்தன.

செல்போனில் பார்த்துத்தான் பழகினேன். அதில் பேசிய பாஷை எனக்குப் புரியவில்லை. சத்தத்தை நிறுத்திவிட்டுக் கைகளை மட்டும் பார்த்தேன். நூலை ஊசிக்குப் பின்னால் வைத்துப் போடுவது ஒரு கண்ணி. முன்னால் வைத்துப் போடுவது இன்னொரு கண்ணி. முதலாவது வழவழவென்று விழும், அதற்கு ‘நேர்’ என்று பெயர் வைத்தேன். இரண்டாவது சின்னதாகப் புடைத்துக்கொண்டு நிற்கும், அது ‘மேடு’. பின்னலில் இந்த இரண்டுதான் அடிப்படை. இரண்டு நேர், இரண்டு மேடு என்று மாற்றி மாற்றிப் போட்டால் துணி ரப்பர் மாதிரி இழுபடும். ஓரங்களுக்கு அதுதான் சரி. இதைக் கண்டுபிடித்த அன்று நான் தனியாகச் சிரித்துக்கொண்டு நின்றதை எடைச்சீட்டு எழுதுபவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

லாரி வராத நேரத்தில் தடுப்புக்கு அருகே இருக்கும் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து பின்னுவேன். எத்தனை வரிசை முடிந்தது என்பதைக் கிழிந்த எடைச்சீட்டுகளின் பின்பக்கம் கோடு போட்டு வைப்பேன். ஒரு நாள் லாரி டிரைவர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டார்.

“என்னண்ணே, வலையா?”

“ஆமா.”

“இந்தச் சுண்ணாம்புக் குழியில என்னத்த புடிக்கப் போறீங்க?”

“கெளுத்தி” என்றேன். அடுத்த வாரத்திலிருந்து டிரைவர்கள் எல்லாரும், “அண்ணே, கெளுத்தி மாட்டுச்சா?” என்று கேட்டுக்கொண்டே போனார்கள். ஸ்வெட்டர் பின்னுகிறேன் என்று சொல்வதைவிட அது எனக்குச் சுலபமாக இருந்தது.

பெரம்பலூரில் ஸ்வெட்டர் யாருக்கு என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். கைப்பிடித் துணி, செல்போன் உறை என்று ஏதோ பின்னிக்கொண்டிருந்தேன். என் மனைவி டவுனில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் மூன்றாவது மாடியில் பட்டுச்சேலை விற்கிறாள். வருகிற பெண்ணின் முகத்தைப் பார்த்தே எந்தச் சேலையை எடுத்துப்போட வேண்டும் என்று சொல்லிவிடுவாள். அவளுக்கு அந்த வேலை அவ்வளவு பிடிக்கும். ஆனால் அவள் நிற்கும் இடத்துக்கு நேர் மேலேதான் ஏசிக் காற்று வரும் துளை. வெளியே அக்கினி வெயில் கொளுத்தும்போது அவள் உள்ளே பத்து மணி நேரம் குளிரில் நிற்பாள். இந்தச் சித்திரையில் அவள் தோள் இறுகிவிட்டது. பட்டுச்சேலையை ஒரு கையால் உதறினால் அது முழுசாக விரிந்து விழ வேண்டும். அவளால் கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை.

தோளில் துண்டைப் போர்த்திக்கொண்டு நின்றாள். அந்த மாடிக்குப் பொறுப்பான மேனேஜர் லப்பைக்குடிக்காட்டுக்காரர், பல வருஷம் வளைகுடாவில் கடை வேலை பார்த்துத் திரும்பியவர். கெட்டவர் இல்லை.

“ஏம்மா, கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வர்றவங்க முன்னாடி குளிச்சுட்டு வந்த மாதிரி துண்டோட நின்னா நல்லாவா இருக்கு?” என்றிருக்கிறார். “யூனிஃபார்ம் கலர்ல மரியாதையா ஏதாச்சும் போட்டுக்க, நான் கேக்க மாட்டேன். இல்லன்னா ஆடித் தள்ளுபடி ஆரம்பிக்கிறப்ப கீழ டோக்கன் போடுற எடத்துக்கு மாத்திடுறேன். அங்க ஏசி இல்ல.”

டோக்கன் போடுகிற இடம் என்றால் வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களின் பைகளை வாங்கி வைப்பது. அவள் அன்று வீட்டுக்கு வந்து சொன்னபோது அழவில்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவிவிட்டு, “பை வாங்கி வெக்கிறதுக்கா இத்தன வருசம் நின்னேன்” என்று மட்டும் சொன்னாள்.

மறுநாளே ஆரம்பித்தேன். அவசரத்தில் எல்லாத் தப்பையும் செய்தேன். ஃபேன்சி ஸ்டோரில் வாசல் தோரணம் செய்ய வாங்குவார்களே, அந்த உல்லன் நூலை வாங்கினேன். அது உண்மையில் கம்பளி இல்லை, அக்ரிலிக். வேர்வையை உறிஞ்சாது, கழுத்தில் குத்தும். அவள் யூனிஃபார்மின் அரக்கு நிறம் இல்லையென்று சிவப்பு வாங்கினேன். தலை வழியாகப் போடும் ஸ்வெட்டர் ஒன்றைச் செல்போனில் பார்த்து, அப்படியே பின்னினேன். சாயங்காலத்தில் அவள் வந்ததும் போட்டுப் பார்க்கச் சொல்வேன். நான் பிடித்துக் கொடுத்தால் நன்றாகவே ஏறியது, இறங்கியது.

முடித்துக் கொடுத்து அனுப்பிய அன்று அவள் ஸ்வெட்டரைப் பைக்குள் சுருட்டி எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். சிரித்துக்கொண்டே வந்தாள்.

“ஏங்க, கொண்டைய மறந்துட்டீங்க.”

பட்டுப் பிரிவில் நிற்பவர்கள் எல்லாரும் கொண்டை போட்டு, சுற்றிலும் மல்லிகை வைக்க வேண்டும் என்பது அந்தக் கடையின் சட்டம். பஸ்ஸில் வேர்க்கும் என்பதால் கடைக்குப் போன பிறகுதான் ஸ்வெட்டர் போட முடியும். நான் அளவு பார்த்ததெல்லாம் அவள் வீட்டுக்கு வந்து கொண்டையை அவிழ்த்த பிறகு.

“பாதித் தலையில மாட்டி நின்னுருச்சு. முன்னாடியும் தெரியல, பின்னாடியும் தெரியல. ரெண்டு புள்ளைங்க ஆளுக்கொரு பக்கம் புடிச்சு இழுக்குதுங்க. ஒருத்தி, ‘அக்கா, மூச்சு விடுங்க, மூச்சு விடுங்க’ங்கிறா, பிரசவத்துக்குச் சொல்ற மாதிரி. கடைசில பூச்சரத்தக் கத்திரிச்சுத்தான் என்னை வெளிய எடுத்தாளுங்க.”

ஸ்வெட்டரின் கழுத்துக் கண்ணிகளில் அப்போதும் மல்லிகை மொட்டுகள் சிக்கியிருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, அத்தனையையும் பிரித்தேன். பிரிக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஆடிக்கு இன்னும் ஐந்து வாரம்தான் இருந்தது.

இரண்டாவது தடவை நிதானமாகச் செய்தேன். விடுமுறை நாளில் அவள் யூனிஃபார்ம் ரவிக்கை வெட்டிய மிச்சத்துணியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறித் திருச்சிக்குப் போனேன். சுத்தப் பருத்தி நூலைத் தொட்டுப் பார்த்தேன். எங்கள் ஊர்க் காட்டில் விளைவதுதான், கைக்கு இதமாக இருக்கும், ஆனால் கனம். நாலு நாள் போட்டால் தொங்கிவிடும், இழுத்தால் பழைய அளவுக்குத் திரும்பாது. பருத்தியும் அக்ரிலிக்கும் கலந்த நூல் ஒன்று இருந்தது. குத்தவில்லை, இழுத்துவிட்டால் திரும்புகிறது. மிச்சத்துணியை வெளிச்சத்தில் வைத்து அரக்கு நிறம் பார்த்து எடுத்தேன். ஒவ்வொரு உருண்டையின் தாளிலும் சாயம் போட்ட லாட் நம்பர் இருக்கும். எல்லா உருண்டையிலும் அது ஒன்றாக இருக்க வேண்டும், இல்லையென்றால் முதுகு ஒரு நிறம், கை ஒரு நிறம் ஆகிவிடும். எழுத்துதான் எனக்குத் தகராறு, நம்பர் நன்றாகப் படிப்பேன். ஒரு உருண்டை கூடுதலாகவே வாங்கினேன்.

முதலில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மாதிரித் துண்டு பின்னி, துவைத்து, நிழலில் தரையில் விரித்துக் காயவைத்து, பிறகு ஒரு விரற்கடைக்கு எத்தனை கண்ணி என்று எண்ணினேன். ஈரத்தோடு கொடியில் தொங்கவிட்டால் நீண்டுவிடும். ஓரத்துக்குப் பத்தாம் நம்பர் ஊசி, உடம்புக்கு அதைவிடத் தடித்த எட்டாம் நம்பர்; ஊசியில் நம்பர் குறையக் குறையத் தடிமன் கூடும். முன்பக்கம் திறந்து பித்தான் வைப்பது என்று முடிவு செய்தேன். கொண்டையும் பூவும் இருக்கிற இடத்தில் இருக்கட்டும். கையை முழங்கையோடு நிறுத்தினேன். மணிக்கட்டுவரை வந்தால் சேலை உதறும்போது சரிகையில் உரசும். குளிர் ஏறுவது தோளில்தானே. தோளுக்கு மட்டும் நூலை இரட்டையாகப் பிடித்துப் பின்னினேன்.

முடிந்த அன்று லாரி எதுவும் இல்லை. யாரும் பார்க்காத நேரத்தில் அதை அறுபது டன் எடைமேடையின் நடுவில் வைத்தேன். பூஜ்யம் காட்டியது. எனக்கு ஏனோ பெருமையாக இருந்தது.

மறுநாளிலிருந்து அவள் அதைப் போட்டுக்கொண்டு கடையில் நின்றாள். மேனேஜர் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாராம். அந்த மனிதர் ஒன்றும் சொல்லாவிட்டால் சம்மதமா இல்லையா என்று அவளுக்கும் தெரியவில்லை. ஆடி பிறந்தது. தள்ளுபடி ஆரம்பித்த முதல் ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் இருந்தேன். பதினோரு மணிக்குப் போன் வந்தது.

“ஏங்க, முந்தானை பின்னு மாட்டி நூலு அறுந்துடுச்சு. கண்ணி நழுவி நழுவி எறங்குது. இப்பவே இடுப்பு வரைக்கும் வந்துருச்சு. இத கழட்டி வெச்சா இன்னைக்கே டோக்கனுக்கு அனுப்பிடுவாங்க. நீங்க வாங்க.”

“கடைக்கா?”

“பின்ன, ரஞ்சன்குடிக் கோட்டைக்கா? வாங்கங்க.”

கொக்கி ஊசி, மிச்ச நூல், சின்னக் கத்திரிக்கோல் மூன்றையும் எடுத்துக்கொண்டு போனேன். மூன்றாவது மாடியில் அத்தனை கூட்டம். பில் கட்ட வந்த புருஷன்மார்களைத் தவிர எல்லாரும் பெண்கள். திரும்பிப் போய்விடலாம் என்று இரண்டு படி இறங்கினேன். அதற்குள் மேனேஜர் என் கையிலிருந்த கத்திரிக்கோலைப் பார்த்துவிட்டார்.

“டெய்லரா? இங்க உக்காருங்க” என்று வாடிக்கையாளர்கள் உட்காரும் வெள்ளை மெத்தையைக் காட்டினார்.

நான் உட்கார்ந்து, அவள் கழற்றிக் கொடுத்த ஸ்வெட்டரில் நழுவிய கண்ணிகளைக் கொக்கி ஊசியால் ஒவ்வொன்றாக ஏணிப்படி மாதிரி மேலே ஏற்றினேன். சுற்றிலும் கடைப் பெண்கள் நின்றார்கள்.

“அக்கா, திருப்பூர்ல வாங்குனதுன்னீங்க? இவரு யாரு?” என்றாள் ஒருத்தி.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. யாரும் என்னைக் கேலி செய்யக்கூடாதென்று இத்தனை நாளும் அவள் திருப்பூர் என்று சொல்லியிருக்கிறாள். இப்போது என்னையே பார்த்தாள்.

“நான் அவங்க வூட்டுக்காரருங்க. நான்தான் பின்னுனேன்” என்றேன். தலையைத் தூக்காமல்தான் சொன்னேன்.

“அண்ணே! நீங்களா? எங்க வூட்டுல ஒண்ணு இருக்கே, பித்தான் தைக்கச் சொன்னாகூட சட்டையையே தூக்கிப் போட்டுடும்!” என்று அவள் கத்தினாள். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என் பக்கம் வரவில்லை, அந்த வீட்டு ஆளின் பக்கம் போயிற்று.

மேனேஜர் தோள்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தார். “இங்க மட்டும் கனமா இருக்கே.”

“காத்து அங்கதாங்க எறங்குது.”

“மாஷா அல்லாஹ்” என்றார். “கல்ஃப்ல நான் குளிர்ச் சாமான் ரூம்ல மூணு வருசம் நின்னேன். எனக்கும் இந்தத் தோளுதான் போச்சு.” அவளிடம் திரும்பி, “டோக்கனுக்கு வேற ஆளப் போட்டுக்கிறேன். நீ இங்கயே நில்லும்மா. இனிமே இதக் கழட்டாத” என்றார்.

அறுந்த இடத்தில் புது நூலைச் சேர்த்து, நுனிகளை உள்பக்கம் கோத்து மறைத்தேன். அவள் போட்டுக்கொண்டாள். அதற்குள் ஒரு அம்மா மெத்தையில் வந்து உட்கார்ந்து, ஸ்வெட்டரைக் காட்டி, “இதே கலர்ல பட்டு இருக்கா?” என்று கேட்டார். என் மனைவி அடுக்கிலிருந்து ஒரு அரக்குச் சேலையை உருவி, கையைத் தோளுக்கு மேலே தூக்கி ஒரே உதறாக உதறினாள். அது என் காலடி வரை விரிந்து விழுந்தது.

இப்போது அவள் முந்தானைப் பின்னை உள்பக்கமாகக் குத்துகிறாள். அந்தக் கத்திய பெண்ணுக்கு நான் ஒன்று பின்னிக்கொண்டிருக்கிறேன், முன்பக்கம் திறந்ததுதான். டிரைவர்கள் இன்னும் கெளுத்தி பற்றிக் கேட்கிறார்கள். நேற்று ஒருவரிடம் உண்மையைச் சொன்னேன். “போங்கண்ணே” என்று அவர் நம்பாமல் போய்விட்டார்.

ஆவணி மாதம் பன்னிரண்டாம் தேதி, எடைமேடைக் கொட்டகையில் எழுதி முடித்தது.