விஜயதசமியன்று ஆரம்பிக்காத சர்வர்

கீர்த்தனா, ஜீவா... இந்த வாரம் உங்கள் இருவருக்காகத்தான் எழுதுகிறேன். வழக்கமாகப் படிப்பவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கலாம்.

உங்கள் அப்பா நான் வேலை பார்க்கும் திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில், கேட் பாஸ் போடுவது ஒரு லினக்ஸ் சர்வர் கம்ப்யூட்டர். பாஸ் இல்லாமல் ஒரு லாரியும் வெளியே போகாது.

ஆயுத பூஜைக்கு அதற்கும் சந்தனம், பொட்டு வைத்தோம். சூப்பர்வைசர் மாரியண்ணன், "வருசம் பூரா ஓடிகினே கீது. இன்னிக்காவது ரெஸ்ட் எடுக்கட்டும்பா" என்று பிளக்கைப் பிடுங்கிவிட்டார். பூஜையன்று மெஷினை ஓட்டலாமா?

மறுநாள் விஜயதசமி. எதை ஆரம்பித்தாலும் விளங்கும் நாள். பிளக்கைச் செருகினேன். சர்வரில் விளக்கு எரிந்தது. கேட் பாஸ் புரோகிராம் மட்டும் எழவில்லை. 'ஸ்டார்ட்' என்று டைப் அடித்தேன்... ஃபெயில்ட். மறுபடி... ஃபெயில்ட்.

ஜன்னலில் டிரைவர் செல்வம். அவர் லாரியில் இறால். மதியத்துக்குள் ஹார்பருக்குள் நுழையாவிட்டால் கப்பலைப் பிடிக்க முடியாது. சரக்கு கெட்டால் பழி அவர் தலையில்.

"இன்னா நைனா, உன் பொட்டி இன்னும் லீவுலயே கீதா?"

"வந்துரும் செல்வம்."

"காத்தாலேர்ந்து அதையேதான் சொல்லிகினு கீற. எறா நாறிச்சுன்னா ஓனரு என்னிய உப்புக்கண்டம் போட்ருவாரு!"

மாரியண்ணன் ஓர் எலுமிச்சம்பழத்தைக் கொண்டுவந்து சர்வர் மேல் வைத்தார். ஸ்டார்ட் கொடுத்தேன். ஃபெயில்ட்.

புரோகிராம் எழுதிய கம்பெனிக்குப் போன் போட்டேன். ரேவதி என்ற பெண் பேசினார்.

"அங்கிள், ஏன் வரலைன்னு லாக்ல, அதான் அது எழுதி வைக்கிற குறிப்புல, எழுதியிருக்குமே. படிச்சீங்களா?"

"இல்லம்மா. ஸ்டார்ட்டுதான் குடுத்துகினே கீறேன்."

லாக்கைத் திறந்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது' என்றது!

விஷயம் இதுதான். அந்தப் புரோகிராம் எழும்போது, 'நான் ஓடுகிறேன்' என்று ஒரு சின்ன ஃபைல் எழுதி வைக்கும். முறையாக நிறுத்தினால் அதை அழித்துவிட்டுத்தான் ஓயும். பிளக்கைப் பிடுங்கினால் அழிக்க ஏது நேரம்? மறுநாள் அந்தப் பழைய ஃபைலைப் பார்த்து, வேறு யாரோ வேலையில் இருக்கிறார்கள் என்று மரியாதையாக ஒதுங்கிக்கொண்டது.

நிஜமாகவே எதுவும் ஓடவில்லை என்று சரிபார்க்க வைத்த பிறகே, ரேவதி அந்த ஃபைலை அழிக்கச் சொன்னார். அழித்தேன். ஸ்டார்ட். எழுந்துவிட்டது! செல்வம் பாஸைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். மதியம் போன் வந்தது: "உள்ள பூந்துட்டேன் நைனா!"

மாரியண்ணன் எலுமிச்சம்பழத்தைக் கும்பிட்டார்.

பிள்ளைகளா, ஒன்று கிளம்பவில்லை என்றால், 'கிளம்பு, கிளம்பு' என்று கத்துவதுதான் நமக்குத் தெரிந்த வைத்தியம் — தினமும் காலையில் நம் வீட்டிலும் அதுதான். ஏன் முடியவில்லை என்று அது சொல்வதை யார் கேட்கிறோம்?

எல்லோரும் போன பிறகு, தனியாக உட்கார்ந்து அந்த லாக்கை மேலிருந்து படித்தேன். நான் ஸ்டார்ட் கொடுத்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு வரி இருந்தது. அதே பதில். ஒரு தடவைகூட அது குரலை உயர்த்தவில்லை.