காய்ந்துபோன சந்தனப் பொட்டு

அறுபதுகளின் தொடக்கத்தில், ஜவ்வாது மலையடிவாரத்தில் சந்தவாசலுக்குப் பக்கத்திலிருந்த எங்கள் கிணற்றுக்குக் கரண்ட் மோட்டார் வந்தது. அதே வருஷம்தான் மூத்த மகளும் பிறந்தாள். இருவரில் யார் அதிகச் செல்லம் என்று என் கணவரிடம் கேட்காமலே விட்டுவிட்டேன். மகளைக் குளிப்பாட்ட என்னைக் கூப்பிடுவார். மோட்டாரை மட்டும் அவரேதான் துடைப்பார்.

மோட்டார் இருந்தது கூரை வேய்ந்த கொட்டகையில். அங்கேதான் நிழல் என்பதால், உள்ளே தூளி கட்டிக் குழந்தையைப் போட்டுவிட்டு, பக்கத்திலேயே வேர்க்கடலைக்குக் களையெடுப்பேன். மோட்டார் சத்தம் கேட்டால்தான் அவளுக்குத் தூக்கமே வரும்.

வெள்ளிக்கிழமைகளில், மோட்டாரைப் போடுவதற்கு முன்பு, அதற்கும் சுவர்ப்பலகையிலிருந்த மூன்று பீங்கான் ஃபியூஸ் கட்டைகளுக்கும் சந்தனம் குழைத்துப் பொட்டு வைப்பேன். "எங்கம்மாவுக்குக்கூட இவ்ளோ மரியாத இல்ல" என்று என் கணவர் கிண்டல் செய்வார்.

ஒரு வெள்ளிக்கிழமை, மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது பால் கொடுக்க உள்ளே போனேன். ஓரத்துக் கட்டைகள் இரண்டிலும் பொட்டு ஈரமாக அப்படியே இருந்தது. நடுக்கட்டையில் வைத்தது மட்டும் காய்ந்து, வெடித்து, பாதி உதிர்ந்திருந்தது. பொட்டு உதிர்ந்தால் புருஷனுக்கு ஆகாது என்று கேட்டு வளர்ந்தவள் நான். கரண்டைப் பற்றிய நினைப்பே வரவில்லை. வெளியே ஓடிவந்து, வாய்க்காலில் மடை திருப்பிக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டேன்.

"இன்னா ஆச்சி? பாப்பா எழுந்துக்கிச்சா?"

"நீங்க இன்னிக்கி கிணத்துல எறங்காதீங்க. வூட்டுக்குப் போயிடலாம் வாங்க. பொட்டு உதுந்து கிடக்குது."

சிரித்துக்கொண்டே வந்தார். "காத்துல காஞ்சிருக்கும்" என்றவர், பலகையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "மத்த ரெண்டும் ஈரமா இருக்குதே. இது மட்டும் எப்டி காஞ்சிது?"

சட்டென்று மெயினை இறக்கினார். முதலில் தூளியிலிருந்து குழந்தையை எடுத்து என் கையில் கொடுத்தார். பிறகு அந்தக் கட்டைக்குப் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோனார். தொடும் முன்பே அனல் அடித்தது. உள்ளே திருகு ஆணி தளர்ந்து, வயரின் மேலுறை கருகியிருந்தது. அதற்கு ஒரு சாண் மேலே காய்ந்த கூரை. கீழே தூளி.

வெளியே வந்து வரப்பில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, "எனக்கு எதுனா ஆயிடும்னா பயந்தே?" என்று கேட்டார். தலையாட்டினேன். நாலு பேர் முன்னால் என் விரல்கூடத் தொடாத மனுஷர், எதிர்க்கழனியில் ஆட்கள் நடவு நட்டுக்கொண்டிருந்தபோதே என் தலையில் கை வைத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் போளூரிலிருந்து வயர்மேன் வந்து, ஆணியை முடுக்கி வயரை மாற்றினார். மோட்டார் அதிர்வில் ஆணி தளரும், தளர்ந்த இடம்தான் சூடேறும் என்றார். தூளி புங்கமரத்துக்குப் போனது. அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளில் சந்தனம் இழைத்துக் கொடுப்பது என் கணவர் வேலை. கொஞ்ச நேரம் கழித்து, "பொட்டு ஈரமா இருக்குதா, போய்ப் பாரு" என்பதும் அவர்தான். கிண்டல் நின்றுபோனது.

இப்போது அவர் இல்லை. அந்த மகளுக்கே பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். சகுனம் என்று நான் நினைத்தது தப்பாகவே இருக்கட்டும். அவருக்காக நான் பயந்த பயம்தான் என் குழந்தையைக் காப்பாற்றியது என்பதை நினைத்தால், இன்றைக்கும் மனசு நெகிழ்ந்துபோகிறது.