தொண்ணூற்று இரண்டில் நின்ற எடையும் அண்ணாமலையார் தந்த பதிலும்

தொண்ணூற்று இரண்டு கிலோ. கார்த்திகையில் பார்த்தேன், தொண்ணூற்று இரண்டு. மார்கழியில் பார்த்தேன், அதே தொண்ணூற்று இரண்டு. தையிலும் அதே எண். மாசியில் மெஷினில் ஏறும்போது கண்ணை மூடிக்கொண்டு ஏறினேன். திறந்தால் அதே எண்தான். அப்போது எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மெஷினைத் தூக்கித் தெருவில் வீசியிருப்பேன். அது அரசாங்க மெஷின் என்பதால் தப்பித்தது.

மலை சுற்றும் என் அக்கா தங்கைகளே, அண்ணன் தம்பிகளே, என் பெயர் கலைச்செல்வி. வயது நாற்பத்து நான்கு. வேங்கிக்கால் பக்கம் ஓர் அங்கன்வாடியில் டீச்சராக இருக்கிறேன். மாதாமாதம் பிள்ளைகளுக்கு எடை பார்த்து எழுதுவது என் வேலை. எந்தப் பிள்ளைக்காவது இரண்டு மாதம் எடை ஏறாமல் நின்றுவிட்டால், அதன் அம்மாவை உட்காரவைத்து, காலையில் என்ன கொடுத்தாய், மதியம் என்ன கொடுத்தாய் என்று குடைந்து குடைந்து கேட்பேன். அப்படிப்பட்ட எனக்கே எடை இறங்காமல் நின்றது. என்னைக் குடைந்து கேட்க யாருமில்லை.

போன வருடம் வைகாசியில், சென்னையில் ஒரு மருத்துவமனையில், இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷன் செய்துகொண்டேன். அப்போது என் எடை நூற்று இருபத்தொன்று. சர்க்கரை இருந்தது. முழங்கால் இரண்டும் போய்விட்டன. பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்தால் சுவரைப் பிடித்தாலும் எழுந்திருக்க முடியாது. என் அப்பா சர்க்கரை நோயில் ஒரு காலை இழந்து, இரண்டு வருடம் கட்டிலிலேயே கிடந்து போனவர். அவருடைய கட்டுக்குத் துணி மாற்றிய கை இது. அந்த நிலை எனக்கு வரக் கூடாது என்றுதான் துணிந்து ஆபரேஷனுக்குப் படுத்தேன்.

முதல் ஆறு மாதம் எடை மளமளவென்று இறங்கியது. சர்க்கரை மாத்திரையை டாக்டரே நிறுத்திவிட்டார். ஐப்பசியில் பழைய ஜாக்கெட்டை எல்லாம் பிரித்துத் தைக்கக் கொடுத்தேன். தெருவில் நடந்தால் யாராவது நிறுத்தி விசாரிப்பார்கள். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

பிறகுதான் நின்றது. தை மாதம் ரத்தம் பார்த்தபோது சர்க்கரை மறுபடி எட்டிப் பார்த்திருந்தது. எடை இப்படியே நின்றால் மாத்திரையைத் திரும்ப ஆரம்பிக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அப்பாவின் கட்டில் கண் முன்னால் வந்து நின்றது.

பொங்கலுக்கு வந்த என் நாத்தனார் வாசலிலேயே கேட்டார்: "என்னா அண்ணி, ஆபரேஷன் பண்ணியும் அப்டியேதான் கீறீங்க?" அவருக்குக் காபி கொடுத்துவிட்டு, பின்கட்டில் போய் அழுதேன்.

ஆனால் நான் அழுதுவிட்டு உட்காருகிற ஆள் இல்லை. எடை நின்றால் என்ன, நான் நிற்க மாட்டேன் என்று முடிவு செய்தேன். பௌர்ணமிக்கு மட்டும் கிரிவலம் போய்க்கொண்டிருந்தவள், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையும் போக ஆரம்பித்தேன். பதினான்கு கிலோமீட்டர். எட்டு லிங்கத்தின் முன்னாலும் நின்று ஒரே வேண்டுதல்: "அப்பா, இந்த எடைய எறக்கி உட்டுடுப்பா." பிரதோஷம் ஒன்று விடவில்லை. அதற்கு முன்பே மார்கழி முழுக்க விடியற்காலையில் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போயிருந்தேன். இவ்வளவு நடந்தும், இவ்வளவு வேண்டியும் ஒரு நூறு கிராம் கூட அசையவில்லை.

அப்போதுதான் ஒரு பெரிய தப்பைச் செய்தேன். இதைப் படிக்கிறவர்களில் ஆபரேஷன் செய்தவர்கள் யாராவது இருந்தால் தயவு செய்து இதைச் செய்யாதீர்கள். சாப்பாட்டை நிறுத்தினேன். காலையில் காபி, மதியம் மோர், அவ்வளவுதான். யாரிடமும் சொல்லவில்லை. தலைமுடி கொத்துக் கொத்தாகச் சீப்பில் வந்தது. மாசி மாதம், பிள்ளைகளுக்கு எடை பார்க்கும் நாளன்று, ஒரு குழந்தையை மெஷினில் நிறுத்தச் சொல்லிவிட்டுக் குனிந்தேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது. அந்தக் குழந்தையின் அம்மாதான் என்னைத் தாங்கிப் பிடித்தாள். கண் விழித்தபோது பிள்ளைகள் எல்லாம் என்னைச் சுற்றி நின்று அழுதுகொண்டிருந்தார்கள்.

தகவல் போய் என் கணவர் ஏழுமலை வந்தார். வேன் ஓட்டுகிறவர். அதிகம் பேச மாட்டார். ஆட்டோவில் என்னை வீட்டுக்குக் கூட்டிவந்தார். வீட்டில் இறங்கியதும் ஒரு தட்டில் இரண்டு இட்லியும் ஒரு முட்டையும் கொண்டுவந்து வைத்தார். "இன்னொரு வாட்டி நீ இப்டி விழுந்தா நான் தாங்க மாட்டேன் கலை" என்றார். அவர் குரல் உடைந்து அன்றுதான் கேட்டேன்.

மறுநாள் மாலை தனியாகப் போய் ராஜகோபுரத்துக்கு எதிரே நின்றேன். உள்ளே போகக் கூடத் தெம்பில்லை. அங்கேயே கையெடுத்தேன். அதுவரை கேட்டதை அன்று கேட்கவில்லை. "அப்பா, எடைய எறக்குன்னு இனிமே கேக்க மாட்டேன். நான் எங்க தப்பு பண்றேன்னு மட்டும் காட்டிடு. நீ காட்டினா, எவ்ளோ கஷ்டமா இருந்தாலும் செய்யறேன். இது சத்தியம்." அவ்வளவுதான் சொன்னேன். வரும் பங்குனிப் பௌர்ணமிக்கு மலை சுற்றுகிறவர்களுக்கு ஒரு அண்டா சர்க்கரைப் பொங்கல் கொடுப்பதாகவும் வேண்டிக்கொண்டேன்.

பங்குனி வந்தது. முறைப்படி அனுமதி வாங்கி, நானும் அவரும் விடியற்காலையில் வாயு லிங்கத்தின் பக்கம் அண்டாவை இறக்கினோம். திதி காலை வரை இருந்ததால் கூட்டம் குறையவில்லை. தொன்னை தொன்னையாக அள்ளி அள்ளிக் கொடுத்தேன். நடுநடுவே நானும் ஒரு வாய் போட்டுக்கொண்டேன்.

சாலையோரம் ஒரு பெண் கான்ஸ்டபிள் பந்தோபஸ்துக்கு நின்றிருந்தாள். முப்பது வயது இருக்கும். பாவம், எப்போது சாப்பிட்டாளோ என்று பெரிய தொன்னையாகப் பார்த்து நிரப்பி நீட்டினேன். அவள் வாங்கினாள். ஒரே ஒரு பருக்கையை விரலால் எடுத்தாள். கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டாள். தொன்னையைத் திருப்பி என்னிடமே நீட்டினாள்.

எனக்குச் சுருக்கென்றது. "என்னாம்மா, பிரசாதத்தப் போயி திருப்பித் தர்ற?" என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். "கோச்சுக்காதீங்கக்கா. ஒவ்வொரு பௌர்ணமியும் எனக்கு இங்கதான் டூட்டி. போறவங்க வர்றவங்க எல்லாம் பொங்கலு, கேசரி, பானகம்னு குடுக்கறாங்க. முன்னல்லாம் பிரசாதம் ஆச்சேன்னு எல்லாத்தையும் சாப்ட்டேன். ஒரே வருசத்துல ரெண்டு தடவ யூனிஃபார்ம மாத்தித் தெச்சேன். அப்பறந்தான் புத்தி வந்துச்சு. ஒரு பருக்கையும் பிரசாதந்தான்க்கா, ஒரு தொன்னையும் பிரசாதந்தான்."

கூட்டம் நகர்ந்தது. யாரோ அவளைக் கூப்பிட்டார்கள், போய்விட்டாள். நான் கையில் அந்தத் தொன்னையோடு நின்றேன். வாயில் என்னுடைய பொங்கல் இனித்துக்கொண்டிருந்தது. கொடுக்க ஆரம்பித்ததிலிருந்து அது எத்தனையாவது வாய் என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை.

இப்போது என் முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். ஆபரேஷன் ஆனதிலிருந்து, தினமும் சாப்பிடுவதை ஒரு நோட்டில் எழுதி, போட்டோ எடுத்து மருத்துவமனையின் டயட்டீஷியனுக்கு அனுப்ப வேண்டும். நான் அனுப்பிக்கொண்டுதான் இருந்தேன். இட்லி ஒன்று, பருப்பு ஒரு கரண்டி, எல்லாம் ஒழுங்காக எழுதுவேன். ஆனால் பிரசாதத்தை ஒரு நாளும் எழுதியதில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. சத்தியமாக அது சாப்பாடு என்றே எனக்குத் தோன்றவில்லை. பிரசாதத்தைப் போய் யாராவது நோட்டில் எழுதுவார்களா?

எடை நின்றது எப்போது? கார்த்திகையில். தீபத்துக்கு அப்பமும் பொரி உருண்டையும். மார்கழி முழுக்கக் காலையில் கோயில் பொங்கல். தையில் தெருவில் மாலை போட்டவர்கள் கொடுத்த அரவணைப் பாயசம், பழனிக்குப் போய் வந்தவர்கள் கொடுத்த பஞ்சாமிர்தம். பிரதோஷத்துக்குத் தயிர்சாதம். கிரிவலத்தில் எட்டு லிங்கத்துக்கும் நடுவில் யார் எதை நீட்டினாலும் வாங்கி வாயில் போட்டிருக்கிறேன். சுருங்கிய வயிற்றில் ஒரு சப்பாத்தி இறங்காது. குழைந்த பொங்கல் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். சோறு தண்ணியை நிறுத்திக் கிடந்த நாட்களில் கூட, பிரசாதம் என்று கொடுத்ததை நான் மறுக்கவில்லை. வேண்டாம் என்றால் சாமி குத்தம் ஆகிவிடும் என்று பயம். எடை நின்றது என்று கிரிவலத்தைக் கூட்டினேன். கிரிவலம் கூடக்கூடப் பிரசாதமும் கூடியது.

காட்டு என்று கேட்டேன். காட்டிவிட்டார். என் வேண்டுதல் அண்டாவுக்குப் பக்கத்திலேயே ஆளை நிறுத்திக் காட்டினார். அங்கேயே மலையைப் பார்த்து நின்று அழுதேன். ஏழுமலை பதறிப்போய்க் கரண்டியை வாங்கிக்கொண்டார். விஷயத்தைச் சொன்னதும் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "நீ சாமிகிட்ட கேட்ட. அவரு போலீச அனுப்பிட்டாரு" என்றார்.

மறுநாளே டயட்டீஷியன் மேடத்துக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன், பட்டினி கிடந்ததையும் சேர்த்து. அவர் கேட்டார்:

"இதெல்லாம் ஏங்க்கா எழுதல?"

"அது சாப்பாடு இல்லையே மேடம். பிரசாதம்."

"உங்க வயித்துக்கு அது தெரியுமாக்கா?"

அவர் திட்டவில்லை. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு எடை சில வாரம் நிற்பது எல்லோருக்கும் நடப்பதுதான், அதற்காகப் பயப்பட வேண்டாம் என்றார். ஆனால் மாதக்கணக்கில் நின்றதற்கு இந்த இனிப்பும் ஒரு காரணமாக இருக்கும், பட்டினி அதைவிட மோசம் என்றார். முட்டை, பயறு, பனீர் இதை முதலில் சாப்பிடச் சொன்னார். சத்து மாத்திரையைத் தவறவிடக் கூடாது என்றார். நடந்தால் மட்டும் போதாது, நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டும், தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்க வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தார்.

முதல் மூன்று வாரம் எடை அசையவில்லை. ஆனாலும் நான் விடவில்லை. கோபுரத்துக்கு முன்னால் சத்தியம் செய்தவள் இல்லையா? அவர் தன் பங்கைச் செய்துவிட்டார், இது என் பங்கு என்று பல்லைக் கடித்துக்கொண்டு செய்தேன். காலையில் நாற்காலியைப் பிடித்து இருபது முறை. தொடை நடுங்கும். ஒவ்வொரு முறைக்கும் ஒரு நமசிவாய.

சித்திரைப் பௌர்ணமியில் அன்னதானம் கொடுத்த ஒருவர் என்னைக் கோபித்துக்கொண்டார். "என்னாம்மா, சாமி பிரசாதத்த வேணான்ற?" என்றார். "வேணான்னலண்ணா. வாங்கிக்கினேன் பாருங்க" என்று ஒரு பருக்கையை எடுத்துக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டேன். மீதியை என் பின்னால் வந்த பெண்ணுக்குக் கொடுத்தேன். அன்று வீட்டுக்கு வந்ததும் நோட்டில் முதல் முறையாக எழுதினேன்: பிரசாதம், ஒரு பருக்கை.

அந்த வாரம் மெஷினில் ஏறினேன். தொண்ணூற்று ஒன்று புள்ளி நான்கு. ஐந்து முறை இறங்கி இறங்கி ஏறிப் பார்த்தேன். அறுநூறு கிராமுக்கு இப்படிக் குதித்தவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இது ஆவணி. இப்போது எண்பத்து மூன்று. சர்க்கரை அடங்கிவிட்டது, மாத்திரை திரும்ப வரவில்லை. டாக்டர் சொன்ன அளவுக்கு இன்னும் எட்டு கிலோ இருக்கிறது. இரண்டு வாரமாக எண்பத்து மூன்றிலேயே நிற்கிறது. நிற்கட்டும். நோட்டைப் புரட்டிப் பார்த்தேன், மேடத்திடம் கேட்டேன், பயப்படவில்லை. போன திங்கட்கிழமை பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்து கதை சொல்லிவிட்டு எழுந்தேன். பாதித் தூரம் நடந்த பிறகுதான் சுவரைப் பிடிக்காமல் எழுந்தது உறைத்தது. அங்கேயே நின்று மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டேன்.

உங்களுக்கும் ஏதோ ஒன்று அசையாமல் நிற்கலாம். உடம்போ, குடும்பமோ, எதுவோ. டாக்டர் சொல்வதைக் கேளுங்கள், பட்டினி கிடக்காதீர்கள், அண்ணாமலையாரிடமும் கேளுங்கள். ஆனால் அதை நகர்த்து என்று மட்டும் கேட்காதீர்கள். எனக்குக் காட்டு என்று கேளுங்கள். அவர் காட்டுவார். யாரை அனுப்பிக் காட்டுவார் என்று சொல்ல முடியாது. வந்தவர் சொல்வதைக் கேட்கிற மனதை மட்டும் தயாராக வைத்திருங்கள்.

அந்தக் கான்ஸ்டபிள் தங்கையை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. பெயர் கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. அடுத்த பௌர்ணமியன்று வாயு லிங்கத்தின் பக்கம் எங்கள் அண்டா இருக்கும். இந்த முறை பயறு சுண்டல், சர்க்கரை இல்லை. நீங்களும் வாருங்கள். ஒரு பருக்கை போதும் என்று தொன்னையை நீங்கள் திருப்பி நீட்டினால், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.