பாதி வெள்ளையடித்த சுவர்

பக்கத்து வகுப்பறையிலிருந்து சரக், சரக் என்று ஓசை கேட்டது. தலைமை ஆசிரியை கொளஞ்சியம்மாளுக்கு நெஞ்சு திடுக்கென்றது. சுண்ணாம்பு மட்டை சுவரில் உரசும் ஓசை! எழுந்து ஓடினாள்.

உள்ளே முருகையன் பாதிச் சுவரை வெள்ளையாக்கியிருந்தான். உப்பளத் தொழிலாளி, இதே அறையில் அவளோடு ஆனா ஆவன்னா படித்தவன்.

“நிறுத்து முருகையா! இன்ஜினியர் வர்ற நேரம்.”

“அதனாலதான் அடிக்கிறேன். பொண்ணு பாக்க வர்றவங்களுக்குக் கிழிஞ்ச பாயையா விரிப்பாங்க? டீச்சராயிட்டா இதுகூட மறந்துடுமா கொளஞ்சி?”

ஈரச் சுண்ணாம்பின் வாசனை அவளை எங்கோ இழுத்துப் போனது. மழை இறங்கி உப்புப் பாத்திகள் முழுகிவிட்டால், வேலையில்லாத அப்பாக்களெல்லாம் மட்டையோடு பள்ளிக்கு வந்துவிடுவார்கள். அவளுடைய அப்பா ஏணியில் நின்று பாடுவார். கீழே இவர்கள் இருவரும் வாளி தூக்குவார்கள். முகமெல்லாம் வெள்ளைப் புள்ளி. என்ன சிரிப்பு அது!

ஆய்வுக்கு வருகிறவர்கள் பளிச்சென்ற சுவரைப் பார்ப்பார்கள், இளநீர் குடிப்பார்கள், ‘நல்ல நிலை’ என்று எழுதிவிட்டுப் போவார்கள். பணம் வேறு பள்ளிக்குப் போகும். உப்புக்காற்று மட்டும் கூரைக் கம்பியை மென்றுகொண்டே இருந்தது. போன வாரம் ஒரு காரைத் துண்டு பெஞ்சில் விழுந்தது. நல்லவேளை, பிள்ளைகள் சாப்பிடப் போயிருந்தார்கள்.

“நம்ம ரோஷம்தான் முருகையா இந்தக் கூரையை இடிய வெச்சுது.” மட்டையைப் பிடுங்கிக்கொண்டாள்.

இன்ஜினியர் புருஷோத்தமன் வந்தார். துருத்திய கம்பியைக் குடையால் தட்டினார். பொரபொரவென்று உதிர்ந்தது.

“பராமரிப்புப் பணம் எல்லா ஸ்கூலுக்கும் ஒரே மாதிரிதானே மேடம் வருது?”

“கடலை விட்டுத் தள்ளி இருக்கிற பெருமுக்கல்ல அடிக்கிற காத்தா சார் இங்க அடிக்குது? அங்க காலத்துக்கும் நிக்கிற கம்பி இங்க மாவாப் போவுது. ஒரே மாதிரி குடுத்துட்டா நியாயம் ஆயிடுமா?”

அவர் பையிலிருந்து நோட்டை எடுத்தார்.

“புதுக் கட்டடத்துக்கே எழுதுறேன். கடலோரத்துக்குக் கூடுதலா வேணும்னும் சேத்து எழுதுறேன். ஆனா இந்த ரூமை இப்பவே மூடிடுங்க. ஒரு புள்ளகூட உள்ள வரக்கூடாது. இடிச்சுதான் ஆவணும்.”

கேட்டது கிடைத்துவிட்டது. ஆனாலும் கண்கள் நிறைந்தன. அப்பாவின் கை பட்ட சுவரல்லவா!

“இளநீர் குடிச்சிட்டுப் போங்க சார்,” என்றான் முருகையன்.

“வேணாம்பா. இளநீர் குடிச்சவங்க எழுதுனதையெல்லாம் படிச்சிட்டுதான் வந்தேன்.”

ஜீப் புறப்பட்டது. கொளஞ்சியம்மாள் ஈரம் காயாத சுவரில் உள்ளங்கையை ஒருமுறை பதித்தாள். வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.