அக்கா சொன்ன சாட்சி

தொண்ணூறுகளின் பிற்பாதியில் என் வலது கன்னத்தில் ஒரு வலி வந்தது. பல் தேய்த்தால் வெட்டும், காப்பி குடித்தால் வெட்டும், ஆற்றுப் பாலத்தில் பஸ் போகையில் ஜன்னல் காற்று பட்டாலே கரண்ட் அடித்தமாதிரி இழுக்கும். எனக்குப் பாளையங்கோட்டையில் டீச்சர் வேலை. வாயைத் திறக்காமல் என்னத்தைப் பாடம் நடத்த? சொத்தை என்று கடைவாய்ப் பற்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்கள். வலி அப்படியே இருந்தது.

என் அக்காவுக்கும் அதே வலி எனக்கு முன்பே வந்திருந்தது. சென்னையில் கொழுந்தன் வீட்டுக்குப் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தாள், வலி இல்லை. சுகம் கிடைத்தவர்கள் ஞாயிறு ஆராதனையில் எழுந்து சாட்சி சொல்வது எங்கள் சபை வழக்கம். அக்கா எழுந்தாள். மருந்தில்லை, மாத்திரையில்லை, ஜெபத்தால் மட்டுமே சுகமானேன் என்று அழுதாள். எல்லாரையும்விடச் சத்தமாக அல்லேலூயா சொன்னவள் நான்தான்.

அதன்பிறகு நான் டாக்டர்களிடம் போவதை விட்டேன். உபவாசம் இருந்தேன். வெள்ளிக்கிழமைதோறும் அக்கா வந்து என் பக்கத்தில் முழங்கால் போடுவாள்.

"விசுவாசம் வேணும்ட்டி. எனக்குச் சுகம் தந்தவரு ஒனக்குத் தரமாட்டாரா?"

என் கன்னத்தைத் தொடவே மாட்டாள், உச்சந்தலையில்தான் கை வைப்பாள். பட்டவள் அல்லவா, தொட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். இப்படியே இரண்டு வருஷம் போனது.

அவள் மகள் கல்யாணத்தன்று காலையில் அக்காவுக்கு நான்தான் கொண்டை போட்டேன். முடியைத் தூக்கினால், காதுக்குப் பின்னால் ஒரு தழும்பு. தையல் போட்ட தழும்பு.

"இது என்னக்கா?"

கண்ணாடியில் அவள் முகம் வெளுத்துவிட்டது. "சத்தம் போடாத. சென்னையில ஆப்பரேஷன் பண்ணுனேன். தலையில ஆப்பரேஷன் பண்ணுன குடும்பம்னு தெரிஞ்சா எம்மவள எவன் கெட்டுவான்?"

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா?"

"ஒன் வாயில எது நிக்கி?"

அடிப்பாவி! கூடப் பிறந்தவளே கழுத்தை அறுத்திருக்கிறாள். டாக்டர் யார், அதை மட்டும் சொல் என்றேன்.

"மறுவீடு முடியட்டும், சொல்லுதேன்."

மறுவீடு முடிந்துதான் சொன்னாள். நானும் சென்னைக்குப் போனேன். அந்த டாக்டர் படம் போட்டுக் காட்டினார். முகத்து நரம்பின்மேல் ஒரு ரத்தக்குழாய் ஏறி உட்கார்ந்து துடிக்கிறதாம். காதுக்குப் பின்னால் சின்னத் துளை போட்டு, கேமரா வைத்த மெல்லிய குழாயை உள்ளே விட்டு, இரண்டையும் விலக்கி நடுவில் பஞ்சுபோல ஒன்றைச் சொருகிவிடுவார்களாம். அதேபோல் செய்தார்கள். கண் விழித்ததும் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன். வெறும் கன்னம்தான். அழுகை வந்தது, சந்தோஷமும் ஆத்திரமும் சேர்ந்து.

ஊர் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை முக்காடு போட்டுக்கொண்டு கோயிலில் உட்கார்ந்திருந்தேன். சாட்சி நேரம் வந்தது. அக்கா எழுந்தாள். "என் ஜெபத்தைக் கேட்டு என் தங்கச்சிக்கும் ஆண்டவர் சுகம் தந்தார்" என்றாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் முக்காட்டை இறக்கிவிட்டு, காதுக்குப் பின்னால் மழித்த இடமும் தையலும் எல்லாருக்கும் தெரிய நடு வழியே வாசல்வரை நடந்தேன். அன்றோடு அவள் என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். பேசினால் ஒன்றே ஒன்றுதான் கேட்பேன்: அத்தனை வெள்ளிக்கிழமையும் என் தலையில் கை வைத்து, ஆண்டவரிடம் என்னத்தைக்கா கேட்டாய்?