ஜேனட்டிடம் சொல்லாத பயணம்

இங்கே வண்டி விற்பவர்கள் வண்டியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் தண்ணீரைப் பற்றிப் பேசுகிறார்கள். பெர்த்தில் எங்கள் தெருக்கோடியில் இருக்கும் ஜேனட்டுக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை ஆகிவிட்டது. இனிக் காடுமேடு அலைய முடியாது என்று தன் ஃபோர் வீல் டிரைவை விற்க முன்வந்தார். மணலிலும் கல்லிலும் ஏறி இறங்குவதற்கென்றே செய்த உயரமான வண்டி. என் கணவர் சரவணன் எஞ்சினைப் பற்றி ஏதோ கேட்க, அந்த அம்மாள் எங்கள் மகள் யாழினியைப் பார்த்தபடி, "இவளுக்கு மட்டும் எவ்வளவு தண்ணீர் எடுத்துப் போவீர்கள்?" என்றார். இரண்டு பாட்டில் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

திண்டுக்கல்லில், நாகல் நகரில், என் அண்ணன் கார் வாங்கியபோது தெருவே கூடி விசாரித்தது. நிறம் ராசிக்கு ஒத்து வருமா, நம்பரைக் கூட்டினால் என்ன வருகிறது என்றெல்லாம் கேட்டார்கள். தண்ணீரைப் பற்றி யார் கேட்பார்கள்? தாடிக்கொம்பு தாண்டி அகரம் போகிற வழியில் வண்டி நின்றால், நாம் இறங்குவதற்குள் நாலு பேர் வந்துவிடுவார்கள். தள்ளிவிட்டுக்கொண்டே நம் சொந்தபந்தத்தையும் விசாரித்து முடித்துவிடுவார்கள். எங்கள் பயமெல்லாம் மனிதர்களின் கண்ணைப் பற்றித்தான். கார் வந்த மறுநாளே கதவில் நீளமாக ஒரு கீறல் விழுந்தது. "எதுத்த வீட்டுக்காரி இம்புட்டுப் பெரிய வண்டியான்னு வாயைப் பொளந்தாள்ல, அப்பவே நெனச்சேன்" என்றாள் அம்மா. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எந்தப் பயணமும் முன்கூட்டி வெளியே தெரிந்ததில்லை. கிளம்பும்போது எங்கே என்று யாரும் கேட்கவும் கூடாது. கேட்டுவிட்டால் திரும்ப உள்ளே போய் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும்.

ஜேனட் வண்டியோடு சாமான்களையும் கொடுத்தார். டயரின் காற்றை அளக்கிற கருவி, மண்வெட்டி, மணலில் புதைந்தால் சக்கரத்தின் அடியில் செருக ஆரஞ்சு நிறப் பலகைகள். பலகைகள் வண்டியின் கூரையில் கிடந்தன. எங்கள் கூடாரத்துக்கும் பாய்களுக்கும் அந்த இடம் தேவைப்பட்டதால் சரவணன் அவற்றைக் கழற்றி வீட்டில் போட்டார். உள்ளே இட்லிச் சட்டி, குக்கர், அரிசி, பருப்புப் பொடி, ஊறுகாய் எல்லாம் ஏறின. சீர் கொண்டுபோகிற வண்டி மாதிரி இருந்தது. முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டேன். கூடாரம் போட்டுத் தங்கப் போவதை யாரிடமும் மூச்சுவிடவில்லை.

கிளம்புகிற காலையில் ஜேனட் கைத்தடியோடு வந்து நின்றார். "எங்கே போகிறீர்கள்? எப்போது திரும்புவீர்கள்?"

வண்டியில் கால் வைக்கிற நேரத்தில்! "சும்மா, பக்கத்தில்தான்" என்றேன்.

"யாரிடமாவது சொல்லியிருக்கிறீர்களா? இல்லையென்றால் என்னிடம் சொல்லுங்கள்."

சொல்லியாயிற்று என்று பொய் சொன்னேன். விற்ற வண்டி மேல் இன்னும் கண் இருக்கிறது போல என்று சரவணனிடம் முணுமுணுத்தேன். அவர் தெருமுனையில் வண்டியை நிறுத்தி, ஆளுக்கு ஒரு மடக்கு தண்ணீர் குடிக்க வைத்துவிட்டுத்தான் மறுபடி கிளப்பினார்.

வடக்கே, கடற்கரை மணல்மேடுகளுக்கு நடுவே ஒரு பாதை. வெயில் உச்சியிலிருந்து சாய்ந்த நேரத்தில் வண்டி புதைந்தது. சக்கரம் சுற்றச் சுற்ற இன்னும் கீழே இறங்கியது. மணலில் பிடிப்பு கிடைக்கட்டும் என்று சரவணன் டயரில் காற்றைக் குறைத்தார், மண்ணை வாரினார், எங்கள் கோரைப்பாயைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்தார். பாய் கிழிந்ததுதான் மிச்சம். கைபேசியில் சிக்னல் இல்லை. சரவணன் பழனிப் பக்கம் தொப்பம்பட்டிக்காரர். அங்கே எந்தத் திசையில் நடந்தாலும் ஒரு தோப்பு வரும், தோப்பில் ஆள் இருக்கும்.

"பயப்படாத புள்ள. அந்த மேட்டைத் தாண்டுனா யாராச்சும் இருப்பாங்க. கொஞ்ச நேரத்துல வந்தர்றேன்."

"போகாதீங்க. மூணு பேரும் இங்கனயே இருப்போம்."

"சும்மா உக்காந்திருந்தா யாரு வருவா?"

ஒரு பாட்டிலோடு போனார். மேடு அவரை மறைத்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாங்கள் இங்கே செத்துக் கிடந்தாலும் எங்கே தேடுவதென்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. கண் படக்கூடாது என்று பார்த்துப் பார்த்து மறைத்தேன். இப்போது பார்க்க ஒரு கண் இல்லை. காற்று அவர் காலடித் தடங்களை மூட ஆரம்பித்தது. "அப்பா எப்பம்மா வருவாரு?" என்று யாழினி கேட்டுக்கொண்டே இருந்தாள். அவர் திரும்பி வந்தாலும் எந்த மேட்டுக்குப் பின்னால் எங்களைத் தேடுவார்?

ஹாரனை அழுத்தினேன். இந்த நாட்டில் நான் ஹாரன் அடித்ததே இல்லை. இங்கே அது முகத்தில் அடித்தாற்போல் திட்டுவதற்குச் சமம். அன்று திண்டுக்கல் பஸ் டிரைவர்கள் தோற்றுப்போகும்படி அழுத்தினேன். வெயில் மஞ்சளானது, சிவந்தது. கை வலித்தபோது முழங்கையால் அழுத்தினேன். யாழினி காதைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கடைசியில் ஒரு வண்டி மேட்டின் மேல் வந்தது. தூண்டில் போட வந்த தாடிக்காரர் ஒருவர் ஓட்டிவந்தார். பக்கத்தில் சரவணன், உதடு வெடித்து, முகம் சிவந்து. யார் இப்படிச் சத்தம் போடுவது என்று கோபத்தோடு கிளம்பிய மனிதர், வழியில் இவரைக் கண்டிருக்கிறார். இவர் கடலுக்கு முதுகைக் காட்டி, ஆளே இல்லாத பக்கமாக நடந்துகொண்டிருந்தாராம்.

தாடிக்காரர் என்னைக் கேட்டது ஒன்றுதான். "நீங்கள் இங்கே இருப்பது யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

அவர் தன் வண்டிக் கூரையிலிருந்து பலகைகளை இறக்கினார். அதே ஆரஞ்சு நிறம். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

இந்த முறை ஊருக்குப் போனபோது, அண்ணன் காரில் தொப்பம்பட்டிக்குக் கிளம்பினோம். அம்மா வாசலில் வாயை இறுக்கி மூடி நின்றாள், கேட்டுவிடக் கூடாதே என்று. பகல் வெளிச்சம், தெரு நிறைய ஜனம், நாலாபக்கமும் ஹாரன். ஆனாலும் என்னால் காரில் ஏற முடியவில்லை.

"அம்மா, தொப்பம்பட்டிக்குப் போறோம். இருட்டுறதுக்குள்ள..."

"வாயை மூடுடி! வாசல்ல நின்னுக்கிட்டு ஊருக்கே சொல்லணுமா? போயிட்டு வாரேன்னு மட்டும் சொல்லு."

"போயிட்டு வாரேம்மா."

அவள் முகம் தெளிந்தது. எனக்குப் பயம் போகவில்லை. காரில் உட்கார்ந்ததும் ஜேனட்டுக்குச் செய்தி அனுப்பினேன். தொப்பம்பட்டிக்குப் போகிறோம், இருட்டுவதற்குள் நாகல் நகர் திரும்பிவிடுவோம் என்று. அந்த இரண்டு ஊரும் எங்கே இருக்கின்றன என்று அவருக்குத் தெரியாது. நாங்கள் திரும்பாவிட்டாலும் அங்கிருந்து அவரால் ஒன்றும் செய்ய முடியாது. 'சரி. திரும்பியதும் சொல், அதுவரை தூங்க மாட்டேன்' என்று பதில் வந்த பிறகுதான் கதவைச் சாத்தினேன். கார் நகர்ந்தது. அம்மா தெருவில் இறங்கி, எங்கே என்று கேட்காமல், நாங்கள் போகிற திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.