அரை அடி ஸ்கேல்

எதிரில் ஆள் பேசிக்கொண்டிருக்கும்போதே சத்யப்ரியா ஸ்கேலை எடுத்துவிடுகிறாள். ஒரு கண்ணை மூடி, கையை நீட்டி, அந்த அரை அடி மர ஸ்கேலைச் செங்குத்தாகப் பிடித்து, பேசுகிறவரின் முகத்தில் பாதியை மறைக்கிறாள். கொஞ்ச நேரம் பார்க்கிறாள். பிறகு ஸ்கேலை நகர்த்தி மறுபாதியை மறைக்கிறாள். பஸ் கண்டக்டர், எதிர் சீட்டுக்காரர், பள்ளிக்கூட வாசலில் பூ விற்கும் பூவம்மாள், யாரும் தப்புவதில்லை.

"இன்னாமே, என் மூஞ்ச அளந்துக்கினு கீற? ரவிக்கையா தைக்கப் போற?" என்பாள் பூவம்மாள்.

"ஆடாதக்கா."

அவளுக்கு வரலாறு எடுக்கும் என்னையும் பார்த்தாள். "உங்க வலது பக்கம் கோவமா இருக்குது சார். இடது பக்கம் சும்மா இருக்குது" என்றாள்.

சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு டிரஸ்ட் பள்ளியில் ப்ளஸ் டூ படிக்கிறாள். அங்கே மேல்நிலை வகுப்பில் கலைப்பிரிவு ஒன்று உண்டு. காலையில் தமிழ், ஆங்கிலம், வரலாறு. சாப்பாட்டுக்குப் பிறகு ஓவியம், களிமண், நாடகம். மற்ற பிரிவுப் பிள்ளைகள் இவர்களைச் சுண்ணாம்பு குரூப் என்கிறார்கள். இவர்கள் கோபப்படுவதில்லை. ஆண்டுவிழா மேடையின் பின்சுவருக்கு வெள்ளை அடித்தது இவர்கள்தான்.

ரப்பரைப் பட்டு நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கிறாள் சத்யப்ரியா. பென்சிலை பிளேடால்தான் சீவுவாள். வளைவாக ஒரு கோடு போடச் சொன்னால் மட்டும் தயங்குவாள். அவள் கையில் வளைவு படிக்கட்டாக இறங்கும். காரணம் வீடு. அப்பா சீனிவாசன் புடவை டிசைனுக்கு கிராஃப் போடுகிறவர். கட்டம் ஒன்றுக்கு இழை ஒன்று. மயிலின் கழுத்தும் அங்கே கட்டம் கட்டமாகத்தான் வளையும். எட்டாம் வகுப்பிலிருந்தே அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கட்டங்களில் சிவப்பு அடைத்தவள் அவள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும் உரு என்றால் கிராஃபில் பாதிதான் போடுவார்கள். மறுபாதியைத் தறியே திருப்பிப் போட்டுக்கொள்ளும்.

ப்ளஸ் ஒன்னில், முதல் உருவப்பட வகுப்பில், ஓவிய ஆசிரியர் இளவரசன் நிக்கத்தை ஸ்டூலில் உட்காரவைத்து வரையச் சொன்னார். நிக்கத் சத்யப்ரியாவின் பெஞ்சுக்காரி. எல்லோரும் அழித்து அழித்து வரைந்துகொண்டிருக்க, சத்யப்ரியா முதல் ஆளாக எழுந்துபோய்த் தாளை நீட்டினாள். ஒரு கண், அரை மூக்கு, அரை வாய், ஒரு காது. நடுவில் ஸ்கேல் வைத்து இழுத்த நேர்கோடு. அதற்கப்பால் வெள்ளை.

"மீதி எங்கம்மா?"

"அதேதான் சார். ரிப்பீட்டு."

நிக்கத் ஸ்டூலிலிருந்து இறங்கி வந்து பார்த்தாள். "அடிப்பாவி, நான் இன்னா புடவை பார்டரா? இந்தப் பக்கம் மச்சம் இருக்குது, பாருடி. இந்தப் புருவம் ஜன்னல்ல இடிச்சிக்கினது. எங்க அம்மி கஷ்டப்பட்டு ரெண்டு பக்கத்தையும் தனித்தனியா பெத்திருக்காங்க."

வகுப்பு சிரித்து ஓய வெகுநேரமாயிற்று. மறுநாளிலிருந்து சத்யப்ரியா ஸ்கேலும் கையுமாக அலைய ஆரம்பித்தாள்.

இந்த வருடம் கடைசிப் பாடம், கண்காட்சிக்கு ஒரு உருவப்படம். வீட்டு ஆள் ஒருவரை எதிரில் உட்காரவைத்து வரைய வேண்டும். ஃபோட்டோவைப் பார்த்து வரையக் கூடாது, மூச்சு விடுகிற ஆள்தான் வேண்டும் என்பது இளவரசனின் விதி. வெள்ளிக்கிழமைகளில் அம்மாக்களும் தாத்தாக்களும் கூச்சத்தோடு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்கள். நிக்கத்தின் அப்பா கலீல் ஜும்மா தொழுகை முடித்து நேராக வந்துவிடுவார். வந்து உட்கார்ந்ததும் தூங்கிப்போவார்.

சத்யப்ரியா அம்மாவைத்தான் வரைய நினைத்தாள். அம்மா கலைவாணி மஸ்கட்டில் ஒரு வீட்டில் சமையல் செய்கிறாள். மகள் ஒன்பதாவது படிக்கும்போது போனவள், இன்னும் ஒரு தடவைகூட வரவில்லை. "உனக்குப் படம் போட வருதில்ல, அதுலயே சேந்துக்கோ" என்று போனிலேயே பிடிவாதம் பிடித்து மகளை இந்தப் பிரிவில் சேர்த்தது அவள்தான். வெள்ளிக்கிழமை மதியம் அவளுக்குக் கொஞ்சம் ஓய்வு.

"வீடியோ கால்ல இருக்கிறவங்களும் மூச்சு வுடுறாங்க இல்ல சார்?" என்று கேட்டாள் சத்யப்ரியா. இளவரசன் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

ஸ்டூலின் மேல் புத்தக அடுக்கு. அதில் சாய்த்த போன். போனில் அம்மா. இடது கண், இடது காது, பாதிப் பொட்டு. மீதி முகம் திரைக்கு வெளியே. சில மாதங்களாகவே அப்படித்தான்.

"கொஞ்சம் இப்டி திரும்புமா."

"அந்தப் பக்கம் வெளிச்சம் இல்லமா."

அடுத்த வாரமும் கேட்டாள். "போன டப்பால சாச்சி வெச்சிக்கிறேன். நவுத்துனா வுழுந்துடும்." அதற்கடுத்த வாரம், "பாதி போட்டா போதாதா? நீ கிராஃப்காரர் பொண்ணுதானே?" என்று சிரித்தாள். சிரிப்பிலும் பாதிதான் தெரிந்தது.

அந்தப் பாதி நன்றாக வந்தது. கன்னம் படிக்கட்டில்லாமல் இறங்கியது. கம்மல் இழுத்து நீண்டுபோன காது ஓட்டைகூட இருந்தது. மறுபக்கத்தைப் பற்றி என்னிடம் ஒருமுறை சொன்னாள்: "கண்ண மூடி அந்தப் பக்கத்த நெனச்சா இந்தப் பக்கம்தான் சார் திரும்பி நிக்குது."

"உன் பழைய ஸ்டைல்ல ரிப்பீட் அடிச்சிடு. யாருக்குத் தெரியப்போவுது" என்றாள் நிக்கத். சத்யப்ரியா அதைச் செய்தும் பார்த்தாள். இடது பாதியை டிரேசிங் தாளில் எடுத்து, திருப்பிப் போட்டு, வேறொரு தாளில் முழு முகமாக்கினாள். இருவரும் அதன்முன் நின்றார்கள்.

"யாருடி இது?"

"தெரியல. அம்மாவுக்கு தூரத்து சொந்தம் மாதிரி இருக்குது."

தாளை நாலாக மடித்துப் பைக்குள் செருகினாள்.

கடைசி வெள்ளிக்கிழமை அவள் பென்சிலையே எடுக்கவில்லை. "இன்னிக்கும் நீ திரும்பலன்னா நான் படமே குடுக்க மாட்டேன். மார்க்கு போனா போவுது" என்றாள்.

போனில் ஏசி ஓடும் சத்தத்தோடு நாற்காலி இழுபடும் சத்தமும் கேட்டது. பிறகு கலைவாணி நகர்ந்து திரையின் நடுவுக்கு வந்தாள். வலது கண் இமைக்கும்போது முழுக்க மூடவில்லை. வாயின் அந்த ஓரம் கீழே இறங்கியிருந்தது. பொட்டுக்கு இந்தப் பக்கம் நெற்றியில் கவலைக் கோடுகள் இருந்தன. அந்தப் பக்கம் ஒரு கோடும் இல்லாமல் வழவழவென்று இருந்தது.

"இன்னாமா இது?"

"ஒன்னுமில்ல. தீபாவளிக்கு முன்னாடி ஏசி காத்து பட்டு மூஞ்சி ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு. சரியாப்பூடும்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆயிக்கினுதான் வருது. அப்பாக்கு சொல்லாத. கிராஃப அப்படியே போட்டுட்டு ஏர்போர்ட்ல வந்து நிப்பாரு."

பின்னால் நின்றிருந்த நிக்கத் சத்தமில்லாமல் விலகி, தூங்கும் அப்பாவிடம் போய்விட்டாள்.

"வரைஞ்சிக்கட்டுமாமா?"

"வேணாமா. நான் வந்து உக்காருறேன். அப்ப போடு."

"எப்ப வருவ?"

அந்த வீட்டில் யாரோ கூப்பிட்டார்கள். கலைவாணி எழுந்து போனாள். திரையில் காலி நாற்காலியும் சுவரும் தெரிந்துகொண்டிருந்தன. சத்யப்ரியா உடனே போனை அணைக்கவில்லை.

கண்காட்சியில் படம் அப்படியே மாட்டப்பட்டது. இடது பாதி மட்டும். மார்க் குறையும் என்று மட்டும் இளவரசன் சொன்னார். சீனிவாசன் சட்டைப்பையில் சிவப்புப் பென்சிலோடு வந்தார். மற்ற படங்களைக் கடந்து இதன்முன் நின்று, தாளைத் தொடாமல், கன்னத்தின் வளைவின்மேல் விரலை ஓட்டினார்.

"உங்கம்மா அப்படியே இருக்கிறாம்மா" என்றார். "பாதியோட வுட்டதும் சரிதான். மீதியும் இதே தானே."

"இல்லப்பா. அந்தப் பக்கம் வேற."

அவர் சிரித்து அவள் தலையைத் தட்டிவிட்டு, நிக்கத் வரைந்திருந்த தூங்கும் கலீலைப் பார்க்கப் போனார். சத்யப்ரியா பையிலிருந்து ஸ்கேலை எடுத்தாள். ஒரு கண்ணை மூடி, கையை நீட்டி, வரைந்திருந்த பாதியை மறைத்தாள். வெள்ளைத் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.